கேப் காலனியில் முன்னோரைத் தேட: எந்த இணையச் சேவை கைகொடுக்கும், எது காலை வாரும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652 ஏப்ரலில் இன்றைய தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறங்கி, 1795 வரை கைக்குள் வைத்திருந்த இடம் கேப் காலனி. அங்கே வாழ்ந்தவர்களின் கொடிவழியை இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே பெருமளவு தேடிவிடலாம். நல்ல சேவைகளில் பெரும்பாலானவை இலவசம். எதை முதலில் திறப்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். யாரோ கட்டிவைத்த குடும்ப மரத்தில் தொடங்கி, அதற்குப் பொருத்தமான ஆதாரத்தைத் தேடப் போகிறார்கள். தேடுபவர் கண்ணுக்கு அது கிடைத்தும்விடுகிறது. முதலில் ஞானஸ்நானப் பதிவு, அடுத்து சொத்துப் பட்டியல், அதன் பிறகு கப்பல் பதிவு, எல்லாம் முடிந்த பின்பே குடும்ப மரம். இந்த மதிப்பீடும் அந்த வரிசையிலேயே போகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கம்பெனி கோட்டையும் கிடங்கும் வைத்திருந்த ஊர்களின் பெயரைத் தாங்கிய அடிமைகள் கேப் பதிவேடுகளில் வருகிறார்கள். அவர்களில் சிலர் இன்றைய ஆஃப்ரிகானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) குடும்பங்களின் மூதாட்டிகள். ஆனால் 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் இங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். அவர்களுடைய கப்பல் பட்டியல்கள் வேறு, நிர்வாகம் வேறு, காலமும் இருநூறு ஆண்டு தள்ளி.

ஈ-ஜிஜிஎஸ்ஏ: தொடங்க வேண்டிய இடம்

தென்னாப்பிரிக்க மரபியல் சங்கத்தின் இணையக் கிளைதான் ஈ-ஜிஜிஎஸ்ஏ. தன்னார்வலர்கள் கேப் திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை வரி பிசகாமல் படியெடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். கேப் டவுன் பதிவேடு 1665-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் யோவான் வான் ஆர்க்கெல் முதல் நிரந்தரப் போதகராக வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளில் கோட்டையில் இருந்தவர் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் ஊழியர் மட்டுமே. ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. வழியில் தங்கிப்போகும் கப்பல்களில் வந்த போதகர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆகவே 1652 முதல் 1665 வரை பிறந்தவர்களை இங்கே தேடிக் கிடைக்கவில்லை என்று குழம்ப வேண்டாம். அவர்களைப் பற்றிய செய்தி இருந்தால், கோட்டையின் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும்தான் இருக்கும்.

எந்த ஊர்ப் பதிவேட்டைப் பார்ப்பது என்பதைத் திருச்சபை தொடங்கிய ஆண்டு சொல்லிவிடும்: ஸ்டெலன்போஷ் 1686, டிராகன்ஸ்டைன் (இன்றைய பார்ல்) 1691, ரோடசாண்ட் (இன்றைய டல்பாக்) 1743, ஸ்வார்ட்லாண்ட் (இன்றைய மால்ம்ஸ்பெரி) 1745. லூத்தரன் சபைக்கு 1780 வாக்கில்தான் இடம் கிடைத்தது. அதனால் ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன் சிப்பாயின் பிள்ளைகளும் அதற்கு முன்பு சீர்திருத்தச் சபையின் ஏட்டில்தான் இருப்பார்கள். 'எங்கள் குடும்பம் லூத்தரன், ஆகவே அங்கே இருக்காது' என்று தாண்டிப்போவது அடிக்கடி நடக்கிற தவறு.

இந்தச் சேவையின் உண்மையான பலம், சாட்சிகளின் பெயர்களை விடாமல் எடுத்து எழுதியிருப்பது. ஒரு பதிவில் வழக்கமாகத் தேதி, தகப்பன், தாய், குழந்தை, சாட்சிகள் என்று இருக்கும். சாட்சி நின்றவர் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோ தாய்மாமனோ சித்தியோதான். பெயர் வைப்பதிலும் ஒரு முறை உண்டு: மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே தம்பதிக்கு ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் வந்தால், முதல் குழந்தை இறந்திருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். சாட்சிகளையும் பெயர் வரிசையையும் ஒரு தாளில் குறித்து வைத்தால், தாயின் பிறந்த வீடு பல நேரம் தானாகவே பிடிபட்டுவிடும். மணமான பெண்ணும் தன் பிறந்த வீட்டுப் பெயரோடோ தகப்பன் பெயரோடோதான் எழுதப்பட்டாள். இது தேடுபவருக்குப் பெரிய வசதி.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிவிடாதீர்கள். கேப் டவுனில் இருந்தவர்கள் பிறந்த சில நாட்களில் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்நாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு ஆலயம் பல நாள் மாட்டுவண்டித் தூரம். ஒரே நாளில் அண்ணன் தம்பி இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்து ஞானஸ்நானம் நடந்திருந்தால் அவர்கள் இரட்டைப் பிள்ளைகள் என்று அர்த்தமில்லை.

படியெடுப்பு மூலத்தின் எழுத்துக்கூட்டலிலேயே இருக்கிறது. இதனால் தேடுவது சிரமம். ஆனாலும் இப்படி இருப்பதுதான் சரி. ஒரே ஆள் மூன்று பதிவுகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். டச்சில் 'ஐஜே'யும் 'ஒய்'யும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். 'சி' இருந்த இடத்தில் 'கே' வரும். 'எஸ்' இருந்த இடத்தில் 'இசட்' வரும். 1688-இல் வந்த பிரெஞ்சு ஹியூகெனாட் அகதிகளின் பெயர்கள் டச்சு எழுத்தரின் காதில் விழுந்தபடி மாறின: வில்லியோன் ஃபில்யூன் ஆனது, க்ரோனியே க்ரோன்யே ஆனது, நூர்த்தியே நோர்க்கியே ஆனது. முழுப் பெயரைத் தட்டாமல் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் தட்டித் தேடுங்கள். அதிலும் அகப்படவில்லை என்றால், தாயின் பெயரில் தேடுங்கள்.

தேதிச் சுருக்கங்களில் விழாதவர் குறைவு. '7பெர்' என்று இருந்தால் ஏழாம் மாதம் என்று ஜூலையில் போட்டுவிடுகிறார்கள். அது செப்டம்பர். '8பெர்' அக்டோபர், '9பெர்' நவம்பர், '10பெர்' டிசம்பர். 'ப்ரிமோ' என்றால் மாதத்தின் முதல் நாள், 'உல்டிமோ' என்றால் கடைசி நாள். 'டிட்டோ' மாதத்தையும் குறிக்கலாம், ஆண்டையும் குறிக்கலாம். பக்கத்தின் தலைப்புவரை மேலே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நல்லவேளையாக, பழைய புதிய நாட்காட்டித் தலைவலி இங்கே இல்லை. கேப்பில் கம்பெனி தொடக்கம் முதலே கிரிகோரியன் நாட்காட்டியைத்தான் பயன்படுத்தியது. ஆங்கிலேயர் வந்தபோது அவர்களும் மாறியிருந்தார்கள்.

குறை என்றால் ஒன்றுதான்: படியெடுத்த எழுத்து இருக்கும், மூலத்தின் படம் இருக்காது. படத்துக்கு அடுத்த சேவைக்குப் போக வேண்டும்.

ஃபேமிலிசர்ச்: படத்துக்கு மட்டும்

ஃபேமிலிசர்ச் பல நாட்டுக் குடும்ப ஆவணங்களைத் தரும் தளம். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். கேப் டவுன் ஆவணக்காப்பகத்திலிருந்து படமெடுத்த டச்சுச் சீர்திருத்தச் சபைப் பதிவேடுகள் 1660 முதல் 1970 வரை என்ற தலைப்பில் ஒரு தொகுப்பு இருக்கிறது. கேப் மாகாண உயர்நீதிமன்ற மாஸ்டரின் (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அதிகாரி) சொத்துரிமை ஆவணங்கள் 1834 முதல் 1989 வரை என்று இன்னொன்று. இரண்டாவதுதான் இன்றைய குடும்பத்தையும் பழைய பதிவேட்டையும் இணைக்கும் பாலம். அதிலுள்ள இறப்பு அறிவிப்புப் படிவத்தில் இறந்தவரின் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வயது, துணை, பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டிருப்பார்கள். யார் தகவல் கொடுத்தார் என்று கீழே பாருங்கள். மனைவி கொடுத்திருந்தால் பிள்ளைகளின் பெயர் நம்பகமானது, மாமனார் மாமியார் பெயர் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்திருந்தால் இரண்டுமே சந்தேகம்.

இங்கே பெயர் அட்டவணையை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கேப் டச்சுக் கையெழுத்தையும் அன்றைய பெயர் முறையையும் சரியாக அறியாமல் அட்டவணை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். 'யான் யான்ஸ்' என்பதில் யான்ஸ் என்பது யானின் மகன் என்று பொருள்படும் தகப்பன் பெயர். அட்டவணையில் அது குடும்பப் பெயராக உட்கார்ந்துவிடுகிறது. 'வான் பெங்காலே' என்பது வங்காளத்திலிருந்து வந்தவர் என்று குறிப்பது. அதுவும் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. விளைவு, ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பத்துப் பதினைந்து அடிமைகள் ஒரே வீட்டுப் பங்காளிகளாகத் தெரிகிறார்கள். சாட்சிகளும் அட்டவணையில் ஏறுவது அரிது.

பயன்படுத்தும் முறை: ஈ-ஜிஜிஎஸ்ஏவில் தேதியும் திருச்சபையும் கிடைத்த பிறகு, இங்கே அட்டவணைத் தேடலைத் தொடாமல், தொகுப்பைத் திறந்து, ஊர், பதிவேடு, ஆண்டு என்று பக்கம் புரட்டிப் போங்கள். குறிப்பிட்ட பதிவுக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கம் சேர்த்துப் பாருங்கள். அட்டவணையில் தேடியே ஆக வேண்டும் என்றால் நட்சத்திரக் குறியும் கேள்விக் குறியும் எழுத்துக்குப் பதிலாக வேலை செய்யும். சில படங்கள் ஃபேமிலிசர்ச்சின் மையங்களில் மட்டும் திறக்கும். அதற்கு வீட்டில் வழியில்லை.

டானாப் தளத்தின் சொத்துப் பட்டியல்கள்

டானாப் என்பது டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை இணையத்தில் தரும் தளம். எங்கள் பார்வையில் இந்த மொத்தப் பட்டியலிலும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் புதையல் இதுதான். கேப்பில் 1673 வாக்கில் 'வேஸ்காமர்' என்ற அனாதைகள் சபை ஏற்பட்டது. பெற்றோரில் ஒருவர் இறந்தால், வயது வராத பிள்ளைகளின் பங்கைக் காப்பது அதன் வேலை. ரோமன்-டச்சுச் சட்டப்படி கணவன் மனைவி சொத்து பொது. ஒருவர் இறந்தால் பாதி துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற பேதமில்லாமல் சமமாக. சட்டம் இப்படி இருந்ததால்தான் எழுத்தர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. மணமான மகள் யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், இறந்துபோன மகனின் பிள்ளைகள் யார், முதல் தாரத்துப் பிள்ளைகள் யார், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் யார் என்பதெல்லாம் அந்தத் தலைப்பு வரிகளில் வந்துவிடும். ஞானஸ்நானப் பதிவு விட்டுப்போன பிள்ளையை இங்கே பிடிக்கலாம்.

கேப் டவுன் ஆவணக்காப்பகத்தில் இந்தச் சபையின் ஏடுகளுக்குக் குறியீடு எம்ஓஓசி. அதில் 8 என்ற தொடர் சொத்துப் பட்டியல்கள், 10 என்ற தொடர் ஏலப் பட்டியல்கள், 7 என்ற தொடர் உயில்கள், 6 என்ற தொடர் இறப்பு அறிவிப்புகள். 8-உம் 10-உம் படியெடுக்கப்பட்டு இலவசமாக இணையத்தில் இருக்கின்றன. கேப் அரசியல் சபையின் தீர்மானங்களும் அதே முயற்சியில் படியெடுக்கப்பட்டவை.

ஒரு பட்டியலைப் படிக்கும் முறை இது. முதல் பத்தியில் இறந்தவர், துணை, வாரிசுகள், சில நேரம் வயதோடு. பிறகு அறை அறையாகப் பொருட்கள்: முன்கூடம், இடப்பக்க அறை, அடுக்களை, கிடங்கு. அடிமைகள் தனித் தலைப்பில், பெயரும் ஊரும். கடைசியில் வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன், கையெழுத்துகள். எழுதத் தெரியாதவர் போட்ட குறியும் பதிவாகியிருக்கும். கடன் பட்டியலை யாரும் படிப்பதில்லை, படிக்க வேண்டும். மச்சானும் சகலையும் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள். ஏலப் பட்டியலில் வாங்கியவர் பெயரும் விலையும் இருக்கும். விலை ரிக்ஸ்டாலரில் இருந்தால் 1 ரிக்ஸ்டாலர் 8 ஸ்கெல்லிங், அதாவது 48 ஸ்டைவர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் பொருள் எடுத்தவர்களில் பலர் சொந்தக்காரர்கள். விதவை தன் வீட்டுக் கட்டிலைத் தானே ஏலத்தில் எடுப்பதும் நடக்கும்.

தளத்தின் முகப்பு பழைய காலத்தது. தேடல் வசதியை நம்பாமல், பட்டியலைத் திறந்து உலாவியின் பக்கத் தேடலில் எழுத்துகளைத் தட்டுவது வேகமாக முடியும். கிடைத்த பக்கத்தை உடனே சேமித்துக்கொள்ளுங்கள்; இணைப்பை மட்டும் குறித்து வைத்தால் பின்னால் திண்டாடுவீர்கள். குறிப்பில் தொடர் எண்ணும் உருப்படி எண்ணும் கட்டாயம் இருக்கட்டும்.

இதற்குத் துணையாக 'ஓப்காஃப்' என்ற வரிப் பட்டியல்கள். குடிமகன் ஒவ்வொருவரும் தன் மனைவி, மகன், மகள், அடிமை, குதிரை, மாடு, ஆடு, திராட்சைக் கொடி, விதைத்த கோதுமை, விளைந்த கோதுமை என்று கணக்குக் கொடுத்தார். பிள்ளைகளின் பெயர் இருக்காது, எண்ணிக்கை மட்டும். ஆனால் ஒருவர் இறந்த ஆண்டைக் குறுக்க இதைவிட நல்ல கருவி இல்லை: ஓர் ஆண்டு கணவன் பெயரில் இருக்கும் வரி, அடுத்த பட்டியலில் விதவை பெயரில் வரும். கேப் டவுனிலும் நெதர்லாந்தின் தி ஹேக்கிலும் இதன் பிரதிகள் உண்டு. மாட்டுக் கணக்கை நம்ப வேண்டாம், வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்வது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

கப்பலேறி வந்தவர்களுக்கு

நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் கம்பெனிக் கப்பல்களில் போன மாலுமிகள், சிப்பாய்களின் சம்பள ஏடுகளை அட்டவணைப்படுத்தியிருக்கிறது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், இலவசம். சுமார் 1700 முதல் 1794 வரை மட்டும். முதல் தலைமுறைக் குடியேறிகளான 1657-ஆம் ஆண்டின் சுதந்திரக் குடிமக்களை (கம்பெனிப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு நிலம் பெற்றவர்களை) இதில் தேடிப் பயனில்லை.

பெயரில் தேடினால் ஒரே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தார் என்பதை முதலில் கேப் ஆவணத்தில் கண்டுபிடித்துக்கொண்டு, கப்பல் பெயரில் தேடுங்கள். பணி முடிந்த இடம் என்ற கட்டத்தில் கேப் என்று இருப்பவர்களை மட்டும் எடுத்தால் பட்டியல் சுருங்கும். பிறகு டச்சு ஆசியக் கப்பற்பயணங்களின் தரவுத்தளத்தைத் திறந்து, 1595 முதல் 1795 வரையான பயணங்களில் அந்தக் கப்பல் கேப்பைத் தொட்ட தேதியைச் சரிபாருங்கள். ஆள் இறங்கிய தேதியும் கப்பல் வந்த தேதியும் பொருந்தவில்லை என்றால் ஆள் வேறு. இரண்டாவது தளம் ஹைகன்ஸ் நிறுவனத்துடையது. பிழை குறைவு, வேகம் அதிகம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சம்பள ஏட்டில் 'மாண்ட்பிரீஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். மனைவிக்கோ பெற்றோருக்கோ பிள்ளைக்கோ ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை ஊரில் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. பணம் வாங்கியவர் பெயர் ஏட்டில் இருந்தால், ஐரோப்பாவிலுள்ள குடும்பத்துக்குக் கதவு திறந்துவிடும். கேப்பில் புது மனைவியும் ஊரில் பழைய மனைவியும் இருந்தது வெளிவருவதும் இங்கேதான்.

'குளோபலைஸ்' என்ற புதிய சேவையையும் சொல்ல வேண்டும். ஆசியாவிலிருந்தும் கேப்பிலிருந்தும் நெதர்லாந்துக்குப் போன கடிதங்களையும் இணைப்புகளையும், சுமார் 50 லட்சம் பக்கங்களை, கணினியைக் கொண்டு கையெழுத்து வாசிப்பு செய்து தேடும்படி வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு கனவிலும் நினைக்காத வசதி. ஆனால் கணினி படித்த எழுத்து அப்படியே சரி என்று எடுக்கக் கூடாது: வரி முடிவில் உடையும் பெயர்கள் இரண்டு துண்டாகிவிடும், பெரிய எழுத்துகள் தவறும், ஓரக்குறிப்பு நடுப்பத்தியோடு கலந்துவிடும். இதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, பக்கப் படத்தைக் கண்ணால் படித்த பிறகே மேற்கோள் காட்டுங்கள்.

அடிமைகளாக வந்தவர்களைத் தேடும்போது

மேலே சொன்ன சேவைகள் எல்லாமே குடிமக்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அடிமைகளுக்கு வழி வேறு. 1658-இல் ஆமர்ஸ்ஃபோர்ட், ஹாசல்ட் என்ற இரு கப்பல்கள் அங்கோலாவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பெரிய அளவில் அடிமைகளைக் கொண்டுவந்தன. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் போய்த் திரும்பும் கப்பல்களில், அதிகாரிகளின் சொந்தச் சரக்காக, ஒருவர் இருவராக வந்து கேப்பில் விற்கப்பட்டவர்கள். அதனால் விற்பனைப் பத்திரம்தான் முதல் ஆவணம்: விற்றவர், வாங்கியவர், அடிமையின் பெயர், ஊர், வயது, விலை.

பெயர்கள் எஜமானன் வைத்தவை. குபிடோ, டைட்டஸ், ஃபெப்ருவாரி, செப்டம்பர் என்று கிரேக்க ரோமானியப் பெயரும் மாதப் பெயரும்தான் அதிகம். தாய்மொழிப் பெயர் கிடைப்பது அபூர்வம். எனவே பிடிமானம் ஊர்ப்பெயர்தான். 'வான் டெ குஸ்ட்' என்றால் கரையிலிருந்து, அதாவது பெரும்பாலும் சோழமண்டலக் கரை. 'வான் பாலியாகட்டா' பழவேற்காடு. 'வான் நாகபட்னம்', 'வான் டூட்டுகோரைன்' சொல்லாமலே புரியும். 'வான் மலபார்' என்பதில்தான் ஜாக்கிரதை. அன்றைய டச்சுக்காரர்கள் தமிழ் பேசுகிறவர்களையும் 'மலபார்' என்றே அழைத்தார்கள். அப்படி எழுதப்பட்டவரைக் கேரளத்தவர் என்று உடனே முடிவு கட்டாமல், விற்றவர் கப்பல் அதிகாரியாக இருந்தால் அவருடைய கப்பல் எங்கிருந்து வந்தது என்பதைக் கப்பற்பயணத் தரவுத்தளத்தில் பாருங்கள். இலங்கையின் காலியிலிருந்து வந்த கப்பலுக்கும் பத்தேவியாவிலிருந்து வந்த கப்பலுக்கும் வேறுபாடு பெரிது. ஊர்ப்பெயர்கூட ஏற்றுமதியான துறைமுகத்தைத்தான் சொல்கிறது. பிறந்த கிராமத்தைச் சொல்லவில்லை. தஞ்சைப் பக்கம் 1659 முதல் 1661 வரை பஞ்சம் வந்தபோது உள்நாட்டு மக்களும் நாகப்பட்டினம் வழியாகத்தான் கப்பலேற்றப்பட்டார்கள்.

பழவேற்காட்டுப் பெண் ஒருத்தியின் வழி எப்படிப் பிடிபடுகிறது என்பதற்குக் கத்தரீனா வான் பாலியாகட்டா நல்ல உதாரணம். பத்தேவியாவில் அடிமையாக இருந்தபோது காதலனின் மரணத்துக்காக மரண தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657-இல் கேப்புக்கு வந்தவள். ஆவணங்கள் 'பெரிய கத்ரைன்' என்றும் அழைக்கும். ஆகவே அவளுடைய தொடக்கம் திருச்சபை ஏட்டில் கிடைக்காது, நீதிமன்ற ஏட்டில் கிடைக்கும். ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமான் என்ற சிப்பாய்க்கும் அவளுக்கும் பிறந்த கிறிஸ்டோஃபல் 1669-இல் ஞானஸ்நானம் பெற்றான். இது கேப் டவுன் பதிவேடு. அவள் பின்னர் விடுதலையான வங்காளத்து அந்தோனி யான்ஸை மணந்தாள். மகன் கிறிஸ்டோஃபல் ஹியூகெனாட் குடும்பத்து மார்கரீத் தெ சவாயை மணந்தான். இன்றைய ஸ்னைமான் குடும்பங்கள் அந்த வழி. நீதிமன்றம், ஞானஸ்நானம், திருமணம், சொத்து என்று நான்கு வகை ஆவணம் சேர்ந்துதான் ஒரு கொடிவழி ஆகிறது. ஒரே தளத்தில் இதைப் பிடிக்க முடியாது.

கம்பெனியின் சொந்த அடிமைகளுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். ஏட்டில் தாய் பெயர் மட்டும் இருக்கும். தனியாரின் அடிமைகளுக்கு அது அரிது. அவர்களைச் சொத்துப் பட்டியலிலும் ஏலத்திலும் உயிலிலும்தான் தேட வேண்டும், அதுவும் எஜமானனின் பெயரில். எஜமானன் மாறும்போது இழை அறுந்துபோகும். 1816-க்குப் பிறகு ஆங்கிலேயர் வைத்த அடிமைப் பதிவேடு வந்ததும் வேலை எளிது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் டச்சு ஏடுகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கொச்சி நிர்வாகத்தைச் சேர்ந்தவை. சோழமண்டலக் கரைக்கு தி ஹேக்கிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தின் 1.04.02 என்ற கம்பெனித் தொகுப்புதான் வழி.

குடும்ப மரத் தளங்களும் மரபணுச் சோதனையும்

விக்கிட்ரீயில் கேப் காலனிக்கென்றே ஒரு குழு இருக்கிறது. 1700-க்கு முந்தையவர்களின் பக்கத்தைத் திருத்தத் தனி உறுதிமொழி கொடுக்க வேண்டும், ஆதாரம் கேட்பார்கள். இருப்பவற்றில் இதுதான் நம்பத்தகுந்தது. ஜெனியில் தென்னாப்பிரிக்க மூதாதையருக்குப் பொறுப்பாளர்கள் உண்டு, ஆனாலும் ஆதாரம் இல்லாத ஐரோப்பியப் பிரபு வம்சங்கள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபேமிலிசர்ச்சின் பொது மரத்தில் யாரும் யாரையும் இணைக்கலாம், பிரிக்கலாம். கத்தரீனா வான் பெங்காலே என்ற பெயருள்ள எல்லாரும் ஒருத்தியாக உருகிக் கிடப்பதை அங்கே பார்க்கலாம். மூன்றிலும் 'பி3சி2' போன்ற எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்க முறையில் முதல் குடியேறி ஏ1, அவருடைய மூன்றாம் பிள்ளை பி3, அந்தப் பிள்ளையின் இரண்டாம் பிள்ளை சி2.

மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டும் முன் ஒரு கணக்கு. 1669-இல் பிறந்தவர் இன்றைக்குப் பதினோரு பன்னிரண்டு தலைமுறை தள்ளி. பதினோரு தலைமுறைக்கு முன் 2,048 மூதாதையர் இடம் உண்டு. ஒருவருடைய சராசரிப் பங்கு 0.05 விழுக்காடுகூட இல்லை. 'தென்னிந்தியா 2 விழுக்காடு' என்று முடிவு வந்தால் அது பலரிடமிருந்து சேர்ந்ததாக இருக்கலாம். எந்த ஒருத்தியையும் அது நிரூபிக்காது. தாய்வழிச் சோதனை மட்டும் எத்தனை தலைமுறையானாலும் மங்காது, ஆனால் இடையில் ஒரு ஆண் வந்தால் அறுந்துவிடும். கிறிஸ்டோஃபல் ஸ்னைமானின் வாரிசுகளிடம் கத்தரீனாவின் தாய்வழிக் குறி இருக்க வாய்ப்பே இல்லை. கேப் குடும்பங்களில் உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தது அதிகம் என்பதால், சோதனை நிறுவனம் 'நான்காம் நிலை உறவு' என்று காட்டுபவர் உண்மையில் இன்னும் தூரத்தவராக இருப்பார்.

ஆளைவைத்துத் தேடுவது

இணையத்தில் இல்லாத உயில், வழக்கு, விற்பனைப் பத்திரங்களுக்குக் கேப் டவுன் ரோலண்ட் தெரு ஆவணக்காப்பகத்தில் யாராவது நேரில் போக வேண்டும். ஆளை அமர்த்தும் முன் தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆவண அட்டவணையில் நீங்களே தேடுங்கள்; தரவுத்தொகுப்பில் கேஏபி என்பதைத் தேர்ந்தெடுத்தால் கேப் டவுன் மட்டும் வரும். மூலக் குறியீடு, தொகுதி எண், குறிப்பு எண் என்ற மூன்றையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். 'ஸ்னைமான் குடும்பத்தைப் பற்றித் தேடித் தாருங்கள்' என்று கேட்டால் மணிக்கணக்கில் காசு கரையும். 'இந்த எண்ணுள்ள கோப்பின் எல்லாப் பக்கங்களும், அட்டையும் பின்புறமும் சேர்த்து' என்று கேட்டால் ஒரே நாளில் வேலை முடியும். சுருக்க அறிக்கை வேண்டாம், படங்கள் வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் தாள் எண் தெரிய வேண்டும். தேடியும் கிடைக்காத எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கும் அதே தேடலுக்குக் காசு கட்டுவீர்கள். குடும்பச் சின்னம் வரைந்து சட்டம் போட்டுத் தருகிறோம் என்று சேர்த்து விற்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.